23 கேள்விகள்

மிளகை ஒரு டே கேரில் சேர்ப்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக் கேள்விகளை எழுதியது. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் 23 இருந்தன. என்னை வேலைக்கு எடுத்தபோதுகூட யாரும் என்னிடம் இத்தனை கேட்கவில்லை.

மிளகு நாட்டு நாய். 2020 ஊரடங்கில் எங்கள் தெருமுனை டீக்கடை மூடிக் கிடந்தபோது, அதன் படியில் பிறந்து கிடந்த நான்கு குட்டிகளில் ஒருத்தி. கடுவன் குட்டிகள் மூன்றையும் ஒரே வாரத்தில் யார் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது இவள். "பொட்டை நாயா? வேணாம்மா, குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் முகாம்களுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் கூடையில் மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பெண் குட்டிகள்தாம். நான் அவளை எடுத்து வந்ததில் பெரிய கொள்கை எதுவும் இல்லை. மழை வந்தது, அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருடம் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் மடிக்கணினியோடு, அவள் என் காலடியில். பிறகு அலுவலகம் வாரத்தில் மூன்று நாள் நேரில் வரச் சொன்னது. காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப 7 மணி ஆகும். தனியாக வாழ்கிறேன், வீட்டில் வேறு ஆள் இல்லை. முதல் வாரமே வாசல் கதவின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல். அவள் ஊளையிடுவதைப் பதிவு செய்து எதிர் வீட்டு மாமி எனக்கு அனுப்பினார். அம்மாவிடம் சொன்னால், "இதுக்குத்தான் சொன்னேன், ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோன்னு" என்றார். கல்யாணம் செய்துகொண்டால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் இருவருக்கும் தெரியும்.

மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் இடம் அழகு. நீச்சல் குளம், பிறந்தநாள் தொப்பி போட்ட நாய்களின் படங்கள், வரவேற்பறையில் ஏசி. தரை மட்டும் வழவழப்பான டைல்ஸ். நாய்களுக்கு அதில் கால் வழுக்கும், மூட்டு கெடும். மதியம் நாய்கள் படுக்கும் அறையைக் காட்டுங்கள் என்றேன். "ஓனர்ஸை உள்ள விடுறதில்ல மேம்" என்றார்கள். அங்கேயே என் தேர்வு முடிந்துவிட்டது. காட்ட மறுக்கும் அறையில்தான் நாய் பகல் முழுவதும் இருக்கப்போகிறது.

இரண்டாவது இடத்தில் ஒரே கூடத்தில் இருபத்தைந்து நாய்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பையன்கள். கையடக்கமான பொமரேனியனும் கன்றுக்குட்டி அளவு ராட்வைலரும் ஒன்றாகத் திரிந்தன. ஒரு பையன் கையில் குச்சி வைத்திருந்தான். அடிக்கவில்லைதான். ஆனால் அவன் நடந்த பக்கமெல்லாம் நாய்கள் வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டன.

மூன்றாவது ஒரு பழைய தனி வீடு, வேப்பமரம் நின்ற மண் முற்றத்தோடு. பன்னிரண்டு நாய்களுக்கு மூன்று பேர். சிறியவை தனி, பெரியவை தனி. வெயில் காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் நாய்களை சிமெண்ட் தரையில் விடமாட்டோம், பாதம் வெந்துவிடும் என்று கேட்காமலே சொன்னார்கள். பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். ரேபிஸ் ஊசி எப்போது போட்டது? பார்வோவும் டிஸ்டெம்பரும் சேர்ந்த ஊசி? எலிக்காய்ச்சலுக்குப் போட்டாயிற்றா? கூட்டமாக இருக்கும் இடத்தில் பரவும் இருமலுக்கு? உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டின் பக்கம் இன்னொரு நாய் வந்தால் என்ன செய்வாள்? இடி இடித்தால் எங்கே ஒளிவாள்? என் 23 கேள்விகளில் பாதிக்கு மேல் கேட்கத் தேவையே இல்லாமல் போனது. நாயைச் சேர்க்கத் தேடும் தோழிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களிடம் கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

அவர்கள் கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. "கருத்தடை ஆயிடுச்சா?" ஆகிவிட்டது. ஆகாத பெட்டை நாய்களை, வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை வரும் அந்த மூன்று வாரங்களுக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். உடனே மாதவிலக்கும் வீட்டுக்கு வெளியே உட்காரவைப்பதும் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இது தீட்டு இல்லை. ஒரு முற்றத்தில் ஆறு கடுவன்கள் இருக்கும்போது இருக்கும் நடைமுறைச் சிக்கல். என்னை நிறுத்தியது வேறு. அவளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பெண்ணின் உடல் பெண்ணுக்கே என்று மேடையில் பேசியிருக்கிற நான், இன்னொரு பெண் உயிரின் கருப்பையை எடுத்துவிட ஒப்புதல் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். தெருவில் பிறந்து லாரியில் அடிபட்டுச் சாகும் குட்டிகளைப் பார்த்தவள் வேறு முடிவு எடுக்க முடியாது. ஆனால் அது அவளுடைய சம்மதம் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்காக நான் எடுத்த முடிவு. தப்பாக இருந்தால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

பேச முடியாத ஒருவருக்காக முடிவெடுக்கும்போது நமக்கு இருக்கும் ஒரே வழி, அவருடைய உடலைப் படிப்பது. டே கேருக்கு அவளைப் பழக்கிய இரண்டு வாரத்தில் இதைத்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஒரு மணி நேரம், அதுவும் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க. மறுநாள் நான் வாசல்வரை போய் வந்தேன். பிறகு அரை நாள். நான் போர்த்திய பழைய பெட்ஷீட் ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தேன், என் வாசம் இருக்கட்டும் என்று. கிளம்பும்போது கொஞ்சாமல், கண் கலங்காமல், சாதாரணமாகப் போய்விட வேண்டும் என்றார்கள். அதற்கு அவளை விட எனக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

நாய் வாலாட்டினால் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். விறைத்த உடம்போடு வால் மட்டும் ஆடினால் அது எச்சரிக்கை. பசிக்காதபோது உதட்டை நக்கினால், தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டால், காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டால், முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்த்தால், அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. உதட்டை நக்குவது ஒரு நொடிகூட நீடிக்காது. அந்த ஒரு நொடிக்காக நான் மணிக்கணக்கில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் அவள் வேப்பமரத்தடியில் பள்ளம் தோண்டி, மல்லாந்து படுத்துத் தூங்கினாள். வயிற்றைக் காட்டித் தூங்கும் நாய்க்குப் பயமில்லை.

அன்றைக்கு அவளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையை அப்போதுதான் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முழங்கைக்குக் கீழே வரிசையாக நான்கு தழும்பு, இரண்டு பழையது, இரண்டு புதியது. "கடிச்சிருச்சா?" என்றேன். "கடிக்கல மேம், சண்டைய வெலக்கும்போது பட்டுச்சு." முன்பு ஒரு பிளே ஸ்கூலில் ஆயாவாக இருந்தாராம். "இங்க சம்பளம் கூட. நாய்ங்க அம்மா கிட்டப் போய்ப் புகார் சொல்லாது" என்று சிரித்தார். என் நோட்டில் மூன்றாவது கேள்வி, எல்லா நாய்க்கும் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்பது. நாய்களோடு வேலை செய்கிறவர்களுக்குக் கடி படும் முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறது. இவருக்கு அதைப் போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி 23இல் எங்குமே இல்லை. கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா மேம்?" என்றார்.

இது என்னை உறுத்தியது. ஆனால் உண்மையான அடி ஒரு வாரம் கழித்து லிஃப்டில் விழுந்தது.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று குடியிருப்பவர்களுக்கு. இன்னொன்றின் வெளியே பலகை தொங்குகிறது: சரக்கு, பணியாளர்கள், செல்லப் பிராணிகள். நாய் வரும்வரை அந்த இரண்டாவது லிஃப்டில் நான் ஏறியதே இல்லை. வந்த பிறகு தினமும் அதில்தான். ஒரு காலையில் மிளகை நடத்திவிட்டுத் திரும்பும்போது, எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்யும் அக்கா அதே லிஃப்டில் ஏறினார். அவர் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மிளகைப் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இத்த வேன்ல கூட்டினு போறாங்களே, மாசம் எவ்ளோ மா?" என்றார் அக்கா. ஒரு நாளைக்கு 600 ரூபாய், மாதம் 12 நாள் என்றேன். அவர் கணக்குப் போட்டாரா தெரியாது. நான் போட்டேன்: 7,200. அவருக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது அதில் பாதி. பேச்சை மாற்ற, "பாப்பாவ ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன்.

"பெரியவளுக்கு இன்னிக்கிப் பரீட்சை மா. டெய்லி அவதான் பாத்துக்குவா."

ஏழாவது மாடி வருவதற்குள்ளும், பிறகு சமையலறையில் நின்றும் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அவர் வீடு கண்ணகி நகரில். நகரத்துக்குள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக 2000ஆம் ஆண்டையொட்டி உருவான குடியிருப்பு. அங்கிருந்து இங்கே வர இரண்டு பஸ். முன்பெல்லாம் சின்னவளைப் பால்வாடியில் விட்டுவிட்டு என் வீட்டுக்குப் பத்தரை வாக்கில் வருவார். அலுவலகம் என்னை நேரில் வரச் சொன்னதும், நான் கிளம்புவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று அவரை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். "சரி மா" என்றார். அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்தது. அதிலிருந்து ஆறு மணிக்கு அம்மா கிளம்பியதும், ஏழாம் வகுப்புப் படிக்கும் பெரியவள்தான் தங்கையை எழுப்பி, குளிக்கவைத்து, ஊட்டி, பால்வாடி திறக்கக் காத்திருந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். முதல் பாடவேளை பாதி நாள் போய்விடுகிறது. அக்காவோ என் வீட்டு வேலையை எட்டு மணிக்கு முடித்துவிட்டு, அடுத்த வீட்டில் பதினொரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருப்பதால், நடுவில் ஜெனரேட்டர் அறைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். போய் வந்தால் பஸ்ஸிலேயே நேரம் கழிந்துவிடும்.

ஒரே மாற்றம்தான். என் அலுவலக நேரம் மாறியது. அது வீட்டில் இரண்டு பேரைப் பாதித்தது. ஒருத்திக்காக 23 கேள்விகள் எழுதினேன். இன்னொருவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இதை வைத்து எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு தீர்ப்பு இருக்கிறது: மனிதக் குழந்தைக்கு இல்லாதது நாய்க்கா? எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. அது எப்போதும் பெண்களின் அன்பைத்தான் தணிக்கை செய்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஆண் ஒருவர் தன் பைக்குக்கு என் நாயைவிட அதிகம் செலவு செய்கிறார். அவரிடம் யாரும் ஏழைக் குழந்தைகளைப் பற்றிக் கேட்பதில்லை. தனியாக வாழும் பெண் ஒரு நாயை நேசித்தால், அது குழந்தைக்கான ஏக்கம் என்பார்கள், இல்லாவிட்டால் பணத்திமிர் என்பார்கள். மிளகை டே கேரிலிருந்து நிறுத்தினால் பெரியவள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விடப் போவதில்லை. மிளகுக்குக் கொடுத்த கவனம் தப்பானது இல்லை. அது ஏன் அவளோடு நின்றுபோனது என்பதுதான் எனக்குப் புரியவேண்டியிருந்தது.

ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000இல் பராமரிப்புச் சங்கிலி என்ற கருத்தை முன்வைத்தார். பணக்கார நாட்டில் ஒரு தாய் வேலைக்குப் போகிறாள். அவள் குழந்தையைப் பார்க்க ஏழை நாட்டிலிருந்து ஒரு தாய் வருகிறாள். அந்தத் தாயின் குழந்தைகளைப் பார்க்க அவளைவிட ஏழையான ஒருத்தி. அவள் வீட்டில் அவளுடைய மூத்த பெண் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு சிறுமி நிற்கிறாள், அவளுக்குக் கூலி கிடையாது. நான் இதை வகுப்பில் படித்தபோது விமானங்களையும் கடல்களையும் கற்பனை செய்துகொண்டேன். என்னுடைய சங்கிலி இரண்டு பஸ் தூரத்தில் முடிகிறது.

ஈவா ஃபெடர் கிட்டே என்ற தத்துவவாதி 1999இல் எழுதிய நூலில் இன்னொரு விஷயத்தைச் சொல்கிறார். அவருடைய மகள் கடுமையான அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தவர், முழுக்கப் பிறரைச் சார்ந்து வாழ்பவர். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறார். பிரசவித்த தாயைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை ஆங்கிலத்தில் டூலா என்பார்கள். அவள் குழந்தையைத் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. தாய் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடிகிற மாதிரி தாயைப் பார்த்துக்கொள்கிறாள். நம் ஊரில் பேறுகாலத்துக்கு வரும் அம்மாவும் அத்தையும் பத்தியம் வைத்துக் கொடுப்பது அதற்குத்தான். பராமரிப்பவர்களைப் பராமரிக்கும் கடமை சமூகம் முழுவதற்கும் உண்டு என்று கிட்டே அதை விரித்துச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால், மிளகைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் தடுப்பூசி என் கருணைக்குரிய விஷயமே இல்லை. மிளகை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனா என்ற கேள்விக்குள்ளேயே அது இருக்கிறது. அக்காவின் காலை நேரமும் அப்படித்தான். என் வீடு சுத்தமாக இருக்கிறது என்று நான் சொல்லும் வாக்கியத்துக்குள் பெரியவளின் முதல் பாடவேளை இருக்கிறது.

சட்டம் உதவுமா என்று பார்த்தேன். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் 120 வீடுகள். காலையில் அந்தச் சர்வீஸ் லிஃப்டில் ஏறி இறங்கும் பெண்கள் அறுபது பேருக்குக் குறையமாட்டார்கள். ஒரே கேட், ஒரே பதிவேடு, ஒரே அடையாள அட்டை. ஆனாலும் நாங்கள் நிறுவனம் இல்லை. ஆளுக்கு ஒரு அக்காவை வைத்திருக்கும் 120 தனித்தனி முதலாளிகள். சங்கக் கூட்டத்தில் கீழ்த்தளத்தில் காலியாகக் கிடக்கும் அறையைக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் இவர்களின் குழந்தைகளுக்குத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார் செயலாளர். நியாயமான கேள்விதான். ஆனால் போன கூட்டத்தில் நாய்கள் விளையாட வேலி போட்ட இடம் கேட்டு நான் உட்பட 14 பேர் மனு கொடுத்தபோது, அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அது ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. அறை விஷயம் இன்னும் நிகழ்ச்சி நிரலில் தொங்குகிறது.

நான் ஏதோ கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் அக்காவிடம் போய், "பாப்பாவ இங்கயே கூட்டிட்டு வாங்க, மிளகு ஒண்ணும் பண்ணமாட்டா" என்றேன். அவர் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வேணாம் மா. நான் அடுத்தவங்க வீட்ல குனிஞ்சி பெருக்கறதப் பாத்துனு அவ வளர வேணாம்."

"அப்ப என்ன செஞ்சா உங்களுக்கு சரியா இருக்கும்?"

ஆறு வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் கூட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொன்னார், ஆனால் பிறகு. முதலில் கேட்டது நேரம். பழையபடி பத்தரைக்கு வரட்டுமா என்றார். அவ்வளவுதான். ஒரு நாயின் உதடு அசைவதை ஒரு நொடியில் பிடிக்கக் கற்றவளுக்கு, வாய் திறந்து பேசத் தெரிந்த ஒருவரின் "சரி மா"வில் இருந்ததைப் படிக்க வரவில்லை. பேச முடிந்தவர் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிற இடத்தில் பேச்சு இருந்தும் இல்லாததுதான்.

பத்தரைக்கு வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அப்படியானால் சாவி வேண்டும். மிளகை எட்டரைக்கு ஏற்றிப் போகிற வேன் ஓட்டுநரிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. டே கேரில் சேர்த்த பதினோராவது நாள் கொடுத்தேன். அவர் முகம்கூட எனக்குச் சரியாக மனதில் பதிந்திருக்கவில்லை. நிறுவனத்தின் ஆள், அது போதும் என்று இருந்தது. ஆறு வருடமாக என் அலமாரியை அடுக்கி, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவரிடம் சாவி இல்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மார்க்கெட் தெருவில் சாவி போடுகிறவரிடம் இன்னொன்று போட்டு வாங்கி வந்து நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை.

"எதுனா காணாப் போச்சின்னா?"

போகாது என்றேன். "போவாது மா, ஆனா போச்சின்னா?" என்று மறுபடி கேட்டார். கீழ்த்தளத்தில் ஒருவர் வீட்டில் வளையல் காணாமல் போய், அங்கே வேலை செய்தவரை நாள் முழுக்கச் செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்ததும், மறுநாள் வளையல் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்ததும் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டாரா என்பது இருவருக்கும் தெரியாது.

நான் நோட்டை எடுத்தேன். மிளகின் 23 கேள்விகள் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். நகை, பணம் எதுவும் வெளியே இருக்கக் கூடாது, பீரோவைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துப் போக வேண்டும். கேமரா வைப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும். ஏதாவது தொலைந்தால் செக்யூரிட்டிக்குச் சொல்லும் முன் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் எதிரில்தான் தேட வேண்டும். அவருக்கு உடம்பு முடியாத நாளில் சம்பளம் பிடிக்கக் கூடாது. சாவி அவரிடம் இருப்பதை கேட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"தேதி போடு மா" என்றார். போட்டேன்.